முன்வாசலை அடைத்து வைத்த வீடு

அறுபதைத் தாண்டிய என் வயதுக்காரர்களே, முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. புது சோபா வாங்கி, அதோடு வந்த பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமல், அதன் மேலேயே வழுக்கி வழுக்கி உட்கார்ந்திருப்பவர்கள் உங்களில் எத்தனை பேர்? பதில் சொல்ல வேண்டாம். உங்கள் வீடுகளுக்கு வந்திருக்கிறேன். நானும் வழுக்கியிருக்கிறேன்.

போன வாரம் தேனியிலிருந்து அண்ணன் மகன் போன் செய்தான். அவன் மகளின் காதுகுத்து மறுபடியும் தள்ளிப் போகிறதாம். பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று பதறிவிட்டேன்.

"அதெல்லாம் இல்ல அத்தே. புது வீட்டுல முகப்புக்கு எலிவேஷன் லைட்டு இன்னும் வரல. ஒரு ரூம்ல சீலிங் வேலை பாக்கி. எல்லாம் முடிச்சுத்தான் விசேசம்னு அப்பா சொல்றாக" என்றான்.

போனிலேயே கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவனுக்கு நான் எதற்குக் கத்துகிறேன் என்றே புரியவில்லை. எப்படிப் புரியும்? அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அண்ணன் சொல்லியிருக்கவே மாட்டார். வெட்கமான கதைகளை ஆண்பிள்ளைகள் வீட்டில் சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன். கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் அந்த பிளாஸ்டிக்கைக் கிழித்துப் போடுங்கள்.

எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டைக்குப் பக்கம். முல்லையாற்று வாய்க்கால் ஊரை ஒட்டிப் போகும். இரண்டு போகம் நெல். அப்பாவுக்கு வயல் கொஞ்சம்தான். ரோசம்தான் ஏக்கர் கணக்கில் இருந்தது.

பெரியப்பாவோடு ஒன்றாக இருந்த பெரிய வீட்டிலிருந்து பாகம் பிரித்துக்கொண்டு, தனக்கு வந்த இடத்தில் அப்பா வீடு கட்டத் தொடங்கினார். நிலை விடுகிற நாள் வந்தது. உங்களுக்குத் தெரியும், வீட்டைப் போல நிலைக்கும் ஒரு விசேஷம் உண்டு. தலைவாசல் நிலையை நிறுத்தி, மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, பங்காளிகளும் சம்பந்திகளும் கூடி நிற்பார்கள். அன்றைக்கு அம்மாவின் அண்ணன், என் தாய்மாமன், தங்கை வீட்டுக்குச் சீராக ஒரு ஜோடிக் கதவை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். மாமா குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கங்காணி. கதவு பலா மரம். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும், நல்ல மஞ்சள் நிறம், வரிசையாகப் பித்தளைக் குமிழ்கள். இறக்கி வைத்ததும் தெருவெல்லாம் மர வாசம்.

எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தபோது பெரியப்பா வாயைத் திறந்தார்.

"வெரலுக்கு ஏத்த வீக்கம் வேணும்னு சொல்லுவாக. இங்கன வீக்கம் மொதல்ல வந்துருச்சு. இனி வெரலத்தான் தேடணும் போல."

கூட்டம் சிரித்தது. மாமாவும், தன்னைச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, நல்ல மனசோடு சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. மஞ்சள் ஈரம் காயாத நிலையின் மேல் கையை வைத்தார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இந்த வீட்டப் பூசி, வெள்ளையடிச்சு, தரை போட்டு, பால் காச்சுறன்னைக்குத்தான் இந்தக் கதவு நிலையில ஏறும். அதுவரைக்கும் இந்த வாசல்ல ஒருத்தர் காலும் படாது. இந்த வீட்டுல ஒரு விசேசமும் நடக்காது. அன்னைக்கு வந்து சிரிங்க."

நிலையில் கை வைத்துச் சொன்ன சொல்லை மீறக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். என்ன பெரிய வழக்கம்? ஒரு மனிதன் கோபத்தில் உளறியதை மரத்தின் மேல் கை வைத்து உளறினால் அது தெய்வ வாக்காகிவிடுமாம். ஒருத்தர் கேலி பேசினார், இன்னொருத்தர் சபதம் போட்டார். நடுவில் நாங்கள் அகப்பட்டுக்கொண்டோம். எனக்கு அப்போது ஐந்து வயது.

மறு வாரமே வாசல் நிலைக்குள் செங்கலை அடுக்கி அப்பா அடைத்துவிட்டார். கலவை வைக்கவில்லை, சும்மா அடுக்குதான். கதவைச் சாய்த்து வைத்தால் கோணிக்கொள்ளும் என்று முன்கூடத்தில் செங்கல்லைப் பரப்பி அதன் மேல் இரண்டு கதவையும் படுக்கப் போட்டார். பெரிய வீட்டில் இனி ஒரு நாள்கூட இருக்க முடியாது என்று ஓடு வேய்ந்த கையோடு குடியும் வந்துவிட்டோம். பால் காய்ச்சவில்லை. மாட்டுக் கொட்டடியைத் தாண்டி, துவைக்கிற கல்லைச் சுற்றி, அடுப்படி வழியாக உள்ளே போனோம். குடிவந்தோம் என்று சொன்னால் அப்பாவுக்குப் பிடிக்காது. "தங்கியிருக்கோம்னு சொல்லுங்க" என்பார். சொந்த வீட்டில் தங்கியிருந்தவர்கள் நாங்கள்.

அந்த வீட்டைச் சொல்கிறேன். பூசாத செங்கல் சுவர். சாரம் கட்டிய மூங்கிலைப் பிடுங்கிய இடமெல்லாம் ஓட்டை. ஒரு ஓட்டையில் சிட்டுக்குருவி, இன்னொன்றில் என் புளியங்கொட்டைகள், அதற்கு மேலே அண்ணனுடைய பம்பரம். ஜன்னலுக்குக் கம்பி உண்டு, கதவு கிடையாது, சாக்குதான். மேற்கே மலையில் மழை பிடித்தால் சாரல் வீட்டுக்குள் வந்து உட்காரும். வெளியே படிக்கட்டு ஒன்று மாடி வருமென்று ஏறிப் போய், மாடி இல்லாமல் நின்றுவிட்டது. அதன் கடைசிப் படியில் உட்கார்ந்தால் மேகமலை முழுக்கத் தெரியும்.

முன்கூடத்தில்தான் விசேஷம். தரை போடுவதற்காக ஆற்று மணலைக் கொட்டி நிரப்பியிருந்தார்கள். தரை போடவில்லை. முழங்கால் புதைகிற மணல். உச்சி வெயிலிலும் உள்ளே கையை விட்டால் சில்லென்று இருக்கும். கிளிஞ்சல் கிடைக்கும், சிப்பி கிடைக்கும், ஒரு தடவை அண்ணனுக்கு ஒரு வெள்ளி மெட்டி கிடைத்தது. படுக்கப் போட்ட கதவுகளில் ஒன்று அண்ணனுக்குக் கட்டில், மற்றது எனக்கு. குமிழ்களுக்கு நடுவில் உடம்பை எப்படி வளைத்துப் படுப்பது என்று எனக்கு மனப்பாடம். பலா மர வாசத்தில் தூங்கி வளர்ந்தவள் நான். இன்றைக்கும் சந்தையில் பலாப்பழம் அறுக்கிற இடத்தில் எனக்குக் கொட்டாவி வருகிறது.

இதையெல்லாம் நாங்கள் அனுபவித்தது அப்பா வீட்டில் இல்லாத நேரத்தில். அவர் இருந்தால் மணலில் விளையாடக் கூடாது. சிரித்தால், "சிரிக்கிற மாதிரியாடா இருக்கு வீடு?" என்பார். சுவரில் காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்க விடமாட்டார்; பூசும்போது பிடுங்க வேண்டுமாம். யாராவது தேடி வந்தால் தெருவிலேயே நின்று பேசி அனுப்பிவிடுவார். அம்மாவும் அப்படியே செய்ய வேண்டும். தாகமென்று தண்ணீர் கேட்டவர்களுக்குச் செம்பைத் தெருவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள் என் அம்மா. இவளுக்குத் தலைக்கனம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அம்மா வாய்பேசாதவள் என்றுதான் அப்போது நினைத்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவள் என்று. இப்போது யோசித்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. அப்பா வயலுக்குப் போனதும் அவள்தான் முதலில் அந்த மணலில் காலை நீட்டி உட்காருவாள். முருங்கைக்கீரை உருவுவது, வெங்காயம் உரிப்பது எல்லாம் அங்கேதான். வெள்ளிக்கிழமை வந்தால் அடைத்து வைத்த வாசலின் உள்பக்கம் நின்று நிலைக்கு மஞ்சள் பூசுவாள், குங்குமம் வைப்பாள். தேங்காயெண்ணெய் தொட்டுக் கதவைத் துடைப்பாள். முடியாத வீட்டை அவள் எப்போதோ தனக்குப் பிடித்துப் போக வைத்துக்கொண்டாள். எங்களுக்கும் பிடிக்க வைத்தாள், காதில் ஓதி அல்ல, உட்கார்ந்து காட்டி.

சரி, காதுக்கு வருகிறேன்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும், அதுவும் ஒற்றைப்படை வயதில் குத்த வேண்டும். அண்ணனுக்குப் பெரிய வீட்டில் இருந்தபோதே குத்தியாயிற்று. எனக்குக் குத்த வேண்டிய ஐந்தாம் வயதில்தான் அப்பா நிலையில் கை வைத்தார். ஏழு வயதும் போயிற்று. ஒன்பது வந்தபோது எங்கள் பள்ளிக்கூடத்தில் காது குத்தாத பெண் நான் ஒருத்திதான். 'மூளிக்காது' என்று பேர் வைத்தார்கள். வாத்தியார்கூடக் கரும்பலகையிலிருந்து திரும்பாமல், "மூளிக்காது, நீ வாசி" என்பார். நான் காதைத் தலைமுடியால் மூடிக்கொண்டு வாசிப்பேன். அப்பாவிடம் போய் அழுதேன். "வீடு முடியட்டும்த்தா. ஊரே மெச்சக் குத்துவோம்" என்றார். எனக்கு ஊர் மெச்ச வேண்டாம், ஒரு கம்மல் போதும் என்று சொல்லத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார்.

வீட்டுச் செலவுக்கென்று அப்பா வருஷா வருஷம் பங்குனியில் கடமலைக்குண்டுக்குப் போவார். அங்கே இலவ மரங்களைக் குத்தகைக்குப் பிடித்து, காய் உதிர்த்து, காயப்போட்டு, பஞ்செடுத்து விற்றுவிட்டு வைகாசியில் திரும்புவார். தலைமுடி, புருவம், மீசை எல்லாம் பஞ்சாக வந்து இறங்குவார். ஒரு வருஷம் விலை விழுந்திருக்கும், ஒரு வருஷம் காற்றடித்துக் காய் கொட்டியிருக்கும். பூச்சு வேலை அடுத்த வருஷத்துக்குப் போகும். இலவு காத்த கிளி என்று பழமொழி சொல்வார்கள். எங்கள் வீட்டில் கிளிகள் மூன்று இருந்தோம்.

அந்த வருஷமும் பங்குனியில் போனார். சித்திரையில் சின்னமனூர்ச் சந்தைக்கு வந்த மாமாவின் தோட்டத்து ஆள் ஒருவர் எங்கள் தெருவில் வந்து அம்மாவிடம் சொன்னார்:

"கங்காணியாரு இருமிக்கிட்டே கெடக்காக. ஆளு பாதியாயிட்டாக. மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ கீழ எறங்கித் தங்கச்சியப் பாத்துட்டு வரணும்னு சொன்னாக. அடுத்த மழைக்கு இருப்பமோ என்னவோன்னு வேற சொல்றாக."

அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த ஆள் குடித்து முடித்ததும் செம்பை வாங்கிக்கொண்டாள். பிறகு, "வர்ற புதன்கெழமை வரச் சொல்லுங்க. புள்ளைக்குக் காது குத்தணும்னு சொல்லுங்க" என்றாள்.

எனக்குக் காது ஜிவ்வென்று சூடானது. வைகாசி பிறந்தால் எனக்குப் பத்து. பிறகு பதினொன்று வரை காத்திருக்க வேண்டும். அதுவரை மாமா இருப்பாரா என்பதுதான் கேள்வி. அது எனக்கே புரிந்தது. கடமலைக்குண்டில் உட்கார்ந்து பஞ்சு எண்ணிக்கொண்டிருந்தவருக்குத்தான் புரியவில்லை.

சேதி பெரியப்பா காதுக்கு அன்றைக்கே போய்விட்டது. மாட்டுக் கொட்டடிப் பக்கமாக வந்து துண்டை உதறிக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, தம்பி இல்லாமக் காதுகுத்தா?"

"அவுக வரும்போது புள்ளைக்கு வயசு தாண்டிரும். எங்கண்ணனும் அப்ப எப்பிடி இருப்பாகளோ தெரியாது."

"சரி. அப்பன்னா நம்ம பெரிய வீட்டுல வச்சுக்குவம். பந்தல் நான் போடுறேன். இது முடியாத வீடு பாரு. இதுல நல்லது செய்யக் கூடாதும்மா."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூத்தாருக்கு எதிரில் அவள் குரல் அவ்வளவு சத்தமாக வந்து நான் கேட்டதில்லை.

"முடியாத வீட்டுலதான் நாலு வருசமாச் சோறு பொங்கித் திங்கிறோம். அதுக்கு யாரும் நாள் பாக்கல. எம்புள்ளைக்கு என் வீட்டுலதான் காது குத்துவேன்."

"தம்பி நெலையில கை வச்சுச் சொல்லியிருக்கான்மா."

"அன்னைக்கு நீங்க வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா அவுக கைய வச்சிருக்க மாட்டாக."

பெரியப்பா போய்விட்டார். கேலி பேசுகிறவர்களுக்குத் திருப்பிக் கேட்டால் தாங்காது. அப்படிப்பட்டவர்கள் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கண்டால் எனக்கு எரிகிறது.

புதன்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால், அம்மா வாசல் நிலைக்குள் அடுக்கியிருந்த செங்கலில் முதல் கல்லை எடுத்தாள். அண்ணன் பயந்து பின்னால் நின்றான். "ஆத்தா, அப்பா கொன்னுருவாரு" என்றான். "ஏலே, பேசாமக் கல்ல வாங்கு" என்று அவன் கையில் கொடுத்தாள். ஒரு கல்லுக்கு அடியில் தேள் இருந்தது. அதைச் செருப்பால் அடித்துவிட்டு அடுத்த கல்லை எடுத்தாள். வரிசை வரிசையாக இறங்க இறங்க, மேலே இருந்து வெளிச்சம் கூடத்துக்குள் இறங்கியது. மணல் முழுக்க மஞ்சளானது. எங்கள் கூடம் இவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். தெருவில் போன ஆடு ஒன்று நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

வாசல் தெளித்து, அந்த வீட்டுக்கு முதன்முதலாக அம்மா கோலம் போட்டாள். கோலம் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. அழித்துப் போடச் சொன்னேன். "கெடக்கட்டும்" என்றாள்.

குமுளி பஸ்ஸில் வந்து இறங்கி மாமா நடந்து வந்தார். தலையில் துண்டு, கையில் தாம்பாளம், தேங்காய் பழம், எனக்குப் பாவாடை சட்டை, சின்னச் சிவப்புக்கல் கம்மல். தோட்டத்து ஆள் சொன்னது சரிதான். சட்டை அவர் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. வாசல் திறந்திருப்பதைப் பார்த்ததும் தெருவிலேயே நின்றுவிட்டார்.

"என்னத்தா இது? மாப்பிள்ளை சொன்ன சொல்லு இருக்குல்ல. நான் பின்பக்கமா வாரேன்."

"அண்ணே, சொன்னவுக கடமலைக்குண்டுல இருக்காக. கதவு கொண்டாந்த நீங்க தெருவுல நிக்கிறீக. எனக்கு யாருண்ணே முக்கியம்? உள்ள வாங்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினேன். அவ்வளவுதான் எனக்குச் செய்யத் தெரிந்தது. அவர் செருப்பைக் கழற்றினார். அம்மா அவர் காலில் தண்ணீர் ஊற்றினாள். நிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வலது காலை எடுத்து மணலுக்குள் வைத்தார். கால் புதைந்தது. "ஐயோ, இது கடற்கரையா, வீடா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை.

தான் கொண்டுவந்த கதவின் மேலேயே மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் உடம்பில் ஏலக்காய் வாசம். "பேடிக்கண்டா மோளே, பயப்படாத, ஒரு எறும்பு கடிதான்" என்றார். மலையில் இருந்து இருந்து பாதி மலையாளம் அவருக்கு. காது குத்த வந்த ஆசாரி வலது காதைக் குத்தினார். எறும்பு கடி என்று சொன்னவரை அப்போதே அடிக்கலாம் போல இருந்தது. இடது காதில் ஊசியை வைத்தபோது மாமாவுக்கு இருமல் வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மடி குலுங்கியது, ஊசி சற்றுக் கீழே இறங்கிவிட்டது.

ஆசாரி பதறிப் போனார். மாமா கண்ணில் தண்ணீர். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா குனிந்து என் இரண்டு காதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்கு ஏத்த காது" என்றாள்.

முதலில் மாமா சிரித்தார், பிறகு ஆசாரி, பிறகு அழுதுகொண்டிருந்த நான். அந்த வீட்டில் வெளியாள் முன்னால் நாங்கள் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வாசல் வழியாக வந்தார்கள். பாய் விரித்தும் யாரும் பாயில் உட்காரவில்லை, மணலில்தான் உட்கார்ந்தார்கள். வெற்றிலை போட்டுக்கொண்டு, விரலால் மணலில் கோடு கிழித்துக்கொண்டு, காலைப் புதைத்துக்கொண்டு, பொழுது சாயும்வரை எழுந்திருக்கவே இல்லை. எதிர்வீட்டுக்காரி ஒரு கைப்பிடி மணலை அள்ளி விட்டுக்கொண்டே கேட்டாள்:

"நல்லாத்தானே இருக்கு வீடு. இதுக்கா எங்கள நாலு வருசமா உள்ள விடாம இருந்தீக?"

அம்மா வெற்றிலைத் தட்டை அவள் பக்கம் தள்ளினாள். எனக்கு இன்று வரை அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. நன்றாகத்தானே இருந்தது. சுவர் பூசாததால் யாருக்கு என்ன வலித்தது? அந்த நாலு வருஷத்தை எங்களுக்கு யார் திருப்பித் தருவார்கள்? அப்பாவைக் கேட்க முடியாது, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். உங்களைத்தான் கேட்கிறேன்.

மறுநாள் மாமா மலையேறிவிட்டார். ஆடி மழையில், அங்கேயே, அவர் முடிந்துபோனார். அம்மா அந்தப் புதன்கிழமை அந்தக் கல்லை எடுக்காமல் இருந்திருந்தால் எனக்கு அந்த மடி கிடைத்திருக்காது. வீடு எப்போது வேண்டுமானாலும் முடியும். மாமாவுக்கு அவ்வளவு நாள் இல்லை.

அப்பா வருகிறவரை வாசல் திறந்தே கிடந்தது. காற்று முன்னால் நுழைந்து பின்னால் போனது. நானும் அண்ணனும் தெருவிலிருந்து ஓடிவந்து மணலில் குதிப்போம், எழுந்து மறுபடி ஓடுவோம். எந்தக் காரணமும் இல்லாமல் முன்வாசல் வழியாக உள்ளே வந்து முன்வாசல் வழியாகவே வெளியே போவேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு கம்மல் மேலே, ஒரு கம்மல் கீழே என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தது. ஒருத்திகூட மூளிக்காது என்று சொல்லவில்லை.

வைகாசியில் லாரி வந்து நின்றது. அந்த வருஷம் பஞ்சுக்கு நல்ல விலை. அப்பா சிமெண்ட் மூட்டைகளோடு வந்து இறங்கினார். "சிமெண்ட் வந்துருச்சு! சிமெண்ட் வந்துருச்சு!" என்று அண்ணன் தெரு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினான். அப்பா திரும்பி வீட்டைப் பார்த்தார். திறந்த வாசலையும், கோலத்தையும், நிலைக்கு உள்ளே நின்ற என்னையும் பார்த்தார். நான் அங்கேயே நின்றேன். கிட்டே வந்து, கட்டைவிரலால் என் இடது காதை ஒரு தடவை தடவினார்.

"யாரு மடியில?"

"மாமா மடியில."

அவர் முகம் ஒரு கணம் இளகியது. பார்த்தேன், இல்லை என்று சொல்லவில்லை. அந்த ஒரு கணத்துக்காக அவரை மன்னித்துவிடு என்று அண்ணன் பலமுறை சொல்லியிருக்கிறார். மாட்டேன். இளகிய மனிதர் அப்படியே உள்ளே வந்திருக்க வேண்டியதுதானே? அவருக்கும் நிலைக்கும் நடுவில் ஓரடிதான் இருந்தது. அவர் திரும்பி, மாட்டுக் கொட்டடியைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தார்.

"எதுடி பெருசு? உங்கண்ணனா, எஞ்சொல்லா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"சொல்லுக்குள்ளயாங்க குடியிருக்கோம்? வீட்டுக்குள்ள இருக்கோம். புள்ளைக்குக் காது குத்தியாச்சு. எங்கண்ணன் வந்து உக்காந்துட்டுப் போயாச்சு. இப்ப என்ன குறைஞ்சுபோச்சு?"

அப்பா போய் சிமெண்ட் மூட்டைகளை எண்ணினார். மறுநாள் காலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே மணல் சலித்து, தானே கலவை போட்டார். முதலில் எந்தச் சுவரைப் பூசுவார் என்று நானும் அண்ணனும் பந்தயம் கட்டினோம். அவன் கிழக்குச் சுவர் என்றான், நான் என் புளியங்கொட்டைச் சுவர் என்றேன். இரண்டு பேரும் தோற்றோம். அம்மா எடுத்துக் குவித்திருந்த செங்கலை அப்பா வாசலுக்குக் கொண்டுபோனார். ஊர் பார்க்கட்டும் என்று தெருவில் நின்றுகொண்டு, நிலைக்குள் கல் வைத்துக் கலவை போட்டு, கல் வைத்துக் கலவை போட்டு ஏற்றினார். உள்ளே நின்ற எங்களுக்கு முதலில் அவர் கால் மறைந்தது, பிறகு இடுப்பு, பிறகு முகம். கடைசிக் கல் ஏறியதும் கூடம் இருட்டிவிட்டது. அவர் பின்வாசல் வழியாக உள்ளே வந்து இந்தப் பக்கத்தையும் பூசினார். மட்டப்பலகை போட்டு இழுத்து, தண்ணீர் தெளித்து, ஒரு மேடு பள்ளம் இல்லாமல் வழுவழுவென்று பூசினார். அவர் காலத்தில் அந்த வீட்டில் பூசப்பட்ட சுவர் அது ஒன்றுதான். மிச்ச சிமெண்ட் மழையில் கல்லாகிப் போனது.

பூசி முடித்துக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவரைத் தாண்டி அம்மா கூடத்துக்குள் வந்தாள். மீந்திருந்த மூன்று செங்கல்லை மணலில் கூட்டி, ஈரம் காயாத அந்தச் சுவருக்கு எதிரில் அடுப்பு மூட்டினாள். பானைக்கு மஞ்சள் கட்டினாள். காலையில் கறந்த பால் முழுவதையும் ஊற்றினாள்.

"என்னடி பண்ற?" என்றார் அப்பா.

அம்மா அடுப்பை ஊதினாள். பால் பொங்கி நாலா பக்கமும் வழிந்து மணலில் இறங்கியது. சர்க்கரையைப் போட்டு அண்ணனுக்கு ஒரு டம்ளர், எனக்கு ஒரு டம்ளர் கொடுத்தாள். மூன்றாவதை எடுத்துக்கொண்டு போய் அப்பா எதிரில் நீட்டினாள்.

"பூசுனன்னைக்குத்தான் பாலுன்னு சொன்னீக. பூசிட்டீக. வீடு குடிபுகுந்தாச்சு, குடிங்க."

அப்பா டம்ளரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். கை முழுக்க சிமெண்ட். வாங்கவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அம்மா கையை மடக்காமல் நின்றாள். ஆவி அடங்கி மேலே ஆடை படிகிறவரை நின்றாள். பிறகு அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், அந்தப் பாலைத் தானே குடித்தாள், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல்.